இன்டெல் ஏஎக்ஸ்210 வைஃபை கார்டு: லினக்ஸ் போட்ட லேப்டாப்ல வைஃபையே தெரியாதவங்களுக்காக ஒரு ரிவ்யூ

முதல்லயே சொல்லிடறேன், வேகம் பத்தலன்னு இந்த கார்டை வாங்கல. லேப்டாப்ல வைஃபையே வரல, அதனால வாங்குனேன். கார்டு உள்ள இருக்கு, கெட்டும் போகல, விண்டோஸ் போட்டா ஜம்முனு ஓடுது, லினக்ஸ் போட்டா மட்டும் அப்படி ஒரு பொருளே உள்ள இல்லாத மாதிரி செட்டிங்ஸ் காலியா கெடக்குது. எந்த கம்பெனி லேப்டாப், உள்ள இருந்த சிப் யாரோடதுன்னு இங்க எழுதல, எழுதியும் பெருசா பிரயோஜனம் இல்ல, ஏன்னா ஒரே மாடல் நம்பர்லயே ஒரு லாட்ல ஒரு கார்டு அடுத்த லாட்ல வேற கார்டுன்னு மாத்தி மாத்தி போட்டு அனுப்புறாங்க, எனக்கு வராதது உங்களுக்கு வரலாம், எனக்கு வந்தது உங்களுக்கு வராமலும் போகலாம்.

விண்டோஸ் லைசென்ஸ் காசு மிச்சம்னு ஃப்ரீடாஸ்ங்கற இலவச சிஸ்டம் போட்டு வர்ற லேப்டாப்பா தேடி வாங்குறவங்க நம்ம ஊர்ல நிறைய பேர் இருக்காங்க, கடையில அதை "டாஸ் லேப்டாப்"னு சொல்லுவாங்க. அப்படி வாங்குறவங்க ஒன்னு ஞாபகம் வச்சுக்கங்க, விண்டோஸ் இல்லாம விக்குறாங்கன்னா லினக்ஸ் போட்டு டெஸ்ட் பண்ணி விக்குறாங்கன்னு அர்த்தம் கெடையாது. டாஸுக்கு வைஃபையே தேவையில்லையே, அதை யாரு பாக்க போறா.

கார்டு மாத்துறதுக்கு முன்னாடி பிரச்சினை நிஜமாவே டிரைவர்தானான்னு (கார்டை சிஸ்டத்தோட பேச வைக்குற புரோகிராம்) பாத்துருங்க, இதுக்கு காசு ஒன்னும் ஆகாது. டெர்மினல்ல ஆர்எஃப்கில் லிஸ்ட்னு அடிச்சா வைஃபை பிளாக் ஆகி இருக்கான்னு தெரியும், கீபோர்டுல ஏரோபிளேன் பட்டனை யாரோ அமுக்கி வச்சிருந்தா அங்கயே மாட்டிக்கும். டூயல் பூட் (ஒரே லேப்டாப்ல விண்டோஸும் லினக்ஸும்) வச்சிருக்கவங்க விண்டோஸ்ல ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை ஆஃப் பண்ணிட்டு ஒருதரம் முழுசா ஷட்டவுன் பண்ணிட்டு வாங்க, அது ஆன்ல இருந்தா விண்டோஸ் முழுசா அணையாது, கார்டை பாதி தூக்கத்துல விட்டுட்டு போயிடும், லினக்ஸ் வந்து எழுப்புனா எந்திரிக்காது. இதெல்லாம் சரியா இருந்தும் வரலன்னா எல்எஸ்பிசிஐ கமாண்டை என்என்கே ஆப்ஷனோட அடிச்சு நெட்வொர்க் கன்ட்ரோலர்னு இருக்குற இடத்தை பாருங்க. கடைசியில அடைப்புக்குறிக்குள்ள ரெண்டு நம்பர் கோலன் போட்டு இருக்கும், முதல் நம்பர்தான் கம்பெனி: 10இசின்னா ரியல்டெக், 14இ4ன்னா பிராட்காம், 14சி3ன்னா மீடியாடெக், 168சின்னா ஆத்தெரோஸ், 8086ன்னா இன்டெல் (பழைய பிராசசர் நம்பரையே அடையாளமா வாங்கி வச்சிருக்காங்க, குறும்பு). அதுக்கு கீழ "கெர்னல் டிரைவர் இன் யூஸ்"னு ஒரு வரி இருந்தா டிரைவர் புடிச்சிருச்சு, பிரச்சினை ஃபர்ம்வேர்லயோ (கார்டுக்குள்ளயே ஓடுற புரோகிராம்) செட்டிங்லயோ இருக்கு. அந்த வரியே இல்லன்னா உங்க கெர்னலுக்கு (லினக்ஸோட மையமான புரோகிராம்) அந்த சிப்பை தெரியாது. எனக்கு இல்ல.

இந்த நெலமையில எல்லாரும் முதல்ல சொல்றது "கிட்ஹப்ல டிரைவர் இருக்கு, டிகேஎம்எஸ் போட்டுக்கோ". கிட்ஹப்ங்கறது கோடு பகிர்ற சைட், டிகேஎம்எஸ்ங்கறது அங்க இருந்து எறக்குன டிரைவரை ஒவ்வொரு புது கெர்னலுக்கும் தானா கம்பைல் பண்ணி (கோடை ஓடுற புரோகிராமா மாத்தி) தர்ற டூல். போடலாம், போட்டா வேலையும் செய்யும், ஆனா அதுக்கு அப்பறம் என்ன ஆகும்னு யாரும் சொல்ல மாட்டாங்க. மொதல்ல கம்பைல் பண்ண கெர்னல் ஹெடர்ஸ், ஜிசிசி, மேக் எல்லாம் வேணும், அதை எறக்க நெட் வேணும், நெட்டுக்குத்தான டிரைவரே. (ஆண்ட்ராய்ட் போனை கேபிள்ல மாட்டி யூஎஸ்பி டெதரிங் போட்டா வந்துரும், நிறைய போன்ல வீட்டு வைஃபையையே அந்த கேபிள் வழியா கொண்டு வரலாம், மொபைல் டேட்டா கூட செலவாகாது. இது தெரியாமலே நெறைய பேர் பென்டிரைவ்ல ஒவ்வொரு பேக்கேஜா காப்பி பண்ணி கொண்டு வந்து முழி பிதுங்கிட்டு இருக்காங்க.) அப்பறம் செக்யூர் பூட் (நம்பகமான சாவியால கையெழுத்து போடாத புரோகிராமை தடுக்குற பாதுகாப்பு) ஆன்ல இருந்தா நீங்க கம்பைல் பண்ண டிரைவரை கெர்னல் உள்ளயே விடாது, அதுக்கு எம்ஓகேன்னு ஒரு சாவி உருவாக்கி ரீஸ்டார்ட்ல நீல கலர் ஸ்கிரீன் வந்து பாஸ்வேர்ட் கேக்கும்போது என்ரோல் பண்ணனும், அந்த ஸ்கிரீனை பாத்து வைரஸ்னு பயந்து எஸ்கேப் அடிச்சவங்களை எல்லாம் எனக்கு தெரியும்.

இவ்வளவும் பண்ணாலும் அது நெலைக்காது. லினக்ஸ் கெர்னலுக்குள்ள இருக்குற பங்ஷன்களை மாத்தறவங்க, கெர்னலோடயே இருக்குற டிரைவர் அத்தனையிலயும் அந்த மாத்தத்துக்கு ஏத்த மாதிரி திருத்திட்டுதான் போவாங்க, அது அவங்க வேலை. வெளிய கிட்ஹப்ல தனியா கெடக்குற டிரைவரை பத்தி அவங்களுக்கு கவலை இல்ல. அதனால ஒரு நாள் காலையில சிஸ்டம் அப்டேட் போடுவீங்க, புது கெர்னல் வரும், டிகேஎம்எஸ் கம்பைல் பண்ண போய் எர்ரர் அடிக்கும், அது அப்டேட் ஓடுற நூறு வரிக்கு நடுவுல ஒரு வரியா போயிடும் நீங்க பாக்க மாட்டீங்க, ரீஸ்டார்ட் பண்ணா வைஃபை இல்ல. பத்து மணிக்கு மீட்டிங். பழைய கெர்னல்ல பூட் பண்ணி சமாளிச்சுக்கலாம்தான், ஆனா எத்தனை காலத்துக்கு.

இதுக்கு பெரிய உதாரணம் பிராட்காம். 2000கள்ல லேப்டாப் வாங்குன எவனை கேட்டாலும் ஒரு பிராட்காம் கதை வச்சிருப்பான். அப்ப டிரைவரும் கெடையாது, சிப் எப்படி வேலை செய்யுதுன்னு டாக்குமென்ட்டும் கெடையாது, என்டிஐஎஸ்ராப்பர்னு ஒன்ன போட்டு விண்டோஸ் எக்ஸ்பி டிரைவரை அப்படியே லினக்ஸுக்குள்ள ஓட்டுவாங்க, கேக்கவே கூத்தா இருக்கும் ஆனா ஓடுச்சு. வெளிய இருந்தவங்க சிப்பை நோண்டி நோண்டி பாத்து தாங்களா எழுதுனதுதான் பி43 டிரைவர், 2008 ஜனவரியில கெர்னல் 2.6.24ல சேந்துச்சு. சேந்தும் ஃபர்ம்வேரை யாரும் சேத்து குடுக்க கூடாது, லைசென்ஸ் இல்ல, அதனால கம்பெனி டிரைவர் ஃபைலை எறக்கி அதுக்குள்ள இருந்து ஃபர்ம்வேரை வெட்டி எடுக்கவே தனியா ஒரு புரோகிராம் இருந்துச்சு, பேரே "எஃப்டபிள்யூகட்டர்". 2010 செப்டம்பர்ல பிராட்காமே ஒரு ஓப்பன் டிரைவர் விட்டுச்சு, ஆனா எல்லா சிப்புக்கும் இல்ல. பிசிஎம்43142, அப்பறம் 2013லருந்து 2017 வரைக்கும் வந்த மேக்புக் ஏர்ல இருக்குற பிசிஎம்4360 இதுக்கெல்லாம் இன்னிக்கும் டபிள்யூஎல்னு ஒரு மூடுன டிரைவர்தான் கதி, அதுக்கு 2015க்கு அப்பறம் பிராட்காம்கிட்ட இருந்து புது வெர்ஷனே வரல. பத்து வருஷமா டெபியன், உபுன்டு, ஆர்ச்னு லினக்ஸ் டிஸ்ட்ரோ (ரெடிமேட் லினக்ஸ் தொகுப்பு) பண்ற ஆளுங்க ஒவ்வொரு கெர்னலுக்கும் ஒட்டு போட்டு ஒட்டு போட்டு ஓட்டிட்டு இருக்காங்க. பழைய மேக்புக் சும்மா கெடக்கு லினக்ஸ் மின்ட் போடலாம்னு நெனைக்கிறவங்க இத தெரிஞ்சுட்டு போடுங்க.

ரியல்டெக் பத்தியும் நியாயமா சொல்லணும், அது இப்ப நிஜமாவே மாறியிருக்கு. ஆர்டிஎல்8821சிஇ சிப் விலை கம்மி லேப்டாப்ல எல்லாம் வந்து ரொம்ப நாள் எல்லாரையும் அழ வச்சுச்சு, 2020 அக்டோபர்ல வந்த கெர்னல் 5.9லருந்து ஆர்டிடபிள்யூ88ங்கற டிரைவர்ல அதுக்கு சப்போர்ட் இருக்கு. வைஃபை 6 சிப்புக்கு ஆர்டிடபிள்யூ89, கெர்னல் 5.16ல வந்துச்சு, 8852பிஇக்கு 6.2 இல்லன்னா அதுக்கு மேல வேணும். அதனால உங்க சிப் இந்த லிஸ்ட்ல இருந்தா கார்டுக்கு செலவு பண்ணாதீங்க, டிஸ்ட்ரோவை புதுசாக்குங்க, அவ்வளவுதான். உபுன்டு 20.04லயே உக்காந்துட்டு வைஃபை வரலன்னு பொலம்புறதுல அர்த்தம் இல்ல. 8723பிஇன்னு ஒரு பழைய சிப் இருக்கு, அதுல வைஃபை வரும் ஆனா ரவுட்டர் பக்கத்துலயே உக்காந்தாதான் வரும், காரணம் லேப்டாப்ல ஒரே ஒரு ஆன்டெனா ஒயர் குடுத்திருப்பாங்க, டிரைவர் இன்னொரு முனையில தேடிட்டு இருக்கும். டிரைவர் செட்டிங் எழுதுற மாட்பிரோப் கான்ஃபிக்ல ஆன்ட்_செல் ஈக்வல் டூ 1 இல்லன்னா 2ன்னு போட்டா சிக்னல் டக்குனு ஏறும். இதுக்கும் கார்டு வேண்டாம்.

எனக்கு வந்தது இதுல எதுலயும் சேராத சிப். காத்திருக்க பொறுமை இல்ல. அதனால கார்டையே மாத்திடலாம்னு முடிவு.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒரு கடையில கேட்டேன், அவர் எடுத்து குடுத்தது ஏஎக்ஸ்211. "அண்ணே ஏஎக்ஸ்210 கேட்டேன்"னா, "ஒரு நம்பர்தான் தம்பி வித்தியாசம், இது புதுசு, எரநூறு ரூபா கம்மியாவும் இருக்கு, எடுத்துட்டு போங்க"ங்கறார். இங்கதான் கவனமா இருக்கணும். 200, 210 இதெல்லாம் முழு கார்டு, பிசிஐஇங்கற பொதுவான இணைப்பு வழியா பேசும், இன்டெல் பிராசசரோ ஏஎம்டி பிராசசரோ எதுலயும் போகும். 201, 211 அப்படி இல்ல, அது சிஎன்விஐன்னு ஒரு மாதிரி, வைஃபையோட பாதி மூளை இன்டெல் பிராசசர் பக்கமே இருக்கும், கார்டுல ரேடியோ பாகம் மட்டும்தான். ஏஎம்டி லேப்டாப்ல அதை மாட்டுனா பொருந்தும், ஸ்க்ரூ கூட போட்டுறலாம், ஆனா வேலை செய்யாது. இன்டெல் லேப்டாப்லயே கூட அதுக்குன்னு செஞ்ச தலைமுறையில மட்டும்தான் ஓடும். பாக்க ரெண்டும் ஒரே மாதிரி இருக்கறதால லேபிள்ல நம்பரை படிச்சுட்டு வாங்குங்க. நீளமான ஆன்டெனா குச்சியோட செட்டா விக்குறது டெஸ்க்டாப்புக்கு, லேப்டாப்புக்கு வெறும் கார்டு போதும், ஏஎக்ஸ்210என்ஜிடபிள்யூன்னு போட்டிருக்கும். எனக்கு ரெண்டாயிரத்துக்குள்ள முடிஞ்சுது.

மாட்டுறது பெரிய வித்தை இல்ல, ஆனா ஒரு எடத்துல மட்டும் கை நடுங்கும். பின் மூடியை கழட்டி முதல்ல பேட்டரி கனெக்டரை எடுத்துருங்க, இதை விடவே விடாதீங்க. கார்டு எம்.2 2230 சைஸ், கட்டைவிரல் நகத்தை விட கொஞ்சம் பெருசு, ஒரே ஸ்க்ரூ. சில லேப்டாப்ல எஸ்எஸ்டிக்கு அடியில ஒளிச்சு வச்சிருப்பாங்க, சில மெல்லிசு மாடல்ல போர்டோடயே சால்டர் பண்ணியிருப்பாங்க, அப்படின்னா இந்த ரிவ்யூ உங்களுக்கு இல்ல, கீழ டாங்கிள் பத்தி சொல்லிருக்கேன் அதை பாருங்க. கை நடுங்குற எடம் ஆன்டெனா ஒயர். ரெண்டு ஒயர் இருக்கும், முனையில கடுகு மாதிரி வட்ட கனெக்டர், அதை கார்டு மேல நேரா வச்சு அமுக்குனா டிக்குனு ஒரு சத்தம், இல்ல சத்தம் கூட இல்ல விரல்ல ஒரு சின்ன உணர்ச்சி. சாய்ச்சு வச்சு அமுக்குனா நசுங்கிடும், நசுங்குனா ஒயரையே மாத்தணும், அது ஸ்கிரீன் வரைக்கும் போகுது. எந்த ஒயர் எதுலன்னு பழைய கார்டை கழட்டுறதுக்கு முன்னாடியே ஒரு போட்டோ எடுத்துக்கங்க. வாரன்டி இருக்கறவங்க மூடியில சீல் ஒட்டியிருக்கான்னு பாத்துட்டு கை வைங்க.

மூடி போட்டு ஆன் பண்ணேன், லாகின் ஸ்கிரீன்லயே வைஃபை லிஸ்ட் வந்து நிக்குது. டிரைவர் எறக்கல, கமாண்ட் அடிக்கல. எல்எஸ்பிசிஐல 8086:2725, கீழ டிரைவர் ஐடபிள்யூஎல்வைஃபை. அவ்வளவுதான் இன்ஸ்டலேஷன், இதுக்கு மேல எழுத ஒன்னும் இல்ல.

ஒரே கண்டிஷன், கெர்னல் 5.10 இல்லன்னா அதுக்கு மேல இருக்கணும், ஃபர்ம்வேர் பேக்கேஜும் ஓரளவு புதுசா இருக்கணும். உபுன்டு 22.04, மின்ட் 21, டெபியன் 12 இதுல எல்லாம் யோசிக்காம போடலாம். டெபியன் பத்தி ஒரு வார்த்தை, முன்னாடி எல்லாம் டெபியன் இன்ஸ்டாலர்ல ஓப்பன் இல்லாத ஃபர்ம்வேர் எதுவும் சேக்க மாட்டாங்க, இன்டெல் கார்டே இருந்தாலும் "ஃபர்ம்வேர் குடு"ன்னு நடுவுல நிக்கும், நம்ம போய் தேடணும். 2022ல அவங்களுக்குள்ள ஓட்டெடுப்பு வச்சு மாத்திட்டாங்க, 2023 ஜூன்ல வந்த டெபியன் 12லருந்து இன்ஸ்டாலர்லயே இருக்கு. கொள்கை பேசறவங்களுக்கு இதுல வருத்தம் இருக்கும், இன்டெல் கார்டும் டிரைவர்தான் ஓப்பன், ஃபர்ம்வேர் மூடுனதுதான், அது உண்மை. ஃபர்ம்வேரே தனியா தேவைப்படாத கார்டு வேணும்னா பழைய ஆத்தெரோஸ் ஏடிஎச்9கே டிரைவர்ல ஓடுறது இருக்கு, வைஃபை 4 வேகம் போதும்னா அதை எடுங்க, நான் அவ்வளவு தியாகி இல்ல.

யூஸ் பண்றதுல குறைன்னு பெருசா இல்ல. வீட்டு ரவுட்டர் வைஃபை 6, 80 மெகாஹெர்ட்ஸ்ல லிங்க் ஸ்பீட் 1200 எம்பிபிஎஸ் காட்டுது, எங்க பிளான் 200தான், அது முழுசா வருது, சுவத்துக்கு அந்த பக்கம் உக்காந்தாலும் வருது. கார்டு வைஃபை 6இ, 6 கிகாஹெர்ட்ஸும் புடிக்கும்னு போட்டிருக்கு, என் ரவுட்டர்ல அது இல்ல அதனால அத பத்தி பேசல. மூடி தொறந்தா ரெண்டு மூணு செகண்ட்ல கனெக்ட் ஆயிடுது. புளூடூத்தும் இதே கார்டுலதான், ஆனா அது யூஎஸ்பி வழியா ஓடுறது, லேப்டாப்ல பரவால்ல, டெஸ்க்டாப்ல அடாப்டர் போட்டு மாட்டுறவங்க மதர்போர்டுல யூஎஸ்பி ஒயரையும் சேத்து மாட்டணும், இல்லன்னா புளூடூத் மட்டும் வராது, அப்பறம் கார்டு சரியில்லன்னு ஒரு ஸ்டார் குடுத்துட்டு போயிடறாங்க.

பேட்டரில ஓடும்போது பிங் (பதில் வர்ற நேரம்) ஏறி ஏறி எறங்குச்சு, எஸ்எஸ்எச்ல (தூரத்துல இருக்குற கம்ப்யூட்டருக்குள்ள லாகின் பண்ணி) டைப் பண்ணா எழுத்து தயங்கி தயங்கி வரும். அது பவர் சேவிங். நெட்வொர்க்மேனேஜர் கான்ஃபிக்ல வைஃபை பவர்சேவை 2ன்னு போட்டு ரீஸ்டார்ட் பண்ணா போயிடுச்சு.

நிஜமான குறை ஒன்னு இருக்கு, ஹாட்ஸ்பாட். இன்டெல் கார்டுல 5 கிகாஹெர்ட்ஸ்ல ஹாட்ஸ்பாட் போட முடியாது. எந்த நாட்டுல இருக்கோம்னு சுத்தி இருக்குற ரவுட்டரை கேட்டு ஃபர்ம்வேரே முடிவு பண்ற லார்னு ஒரு ஏற்பாடு, அது 5 கிகாஹெர்ட்ஸ் சேனல்ல தானா மொதல்ல பேச கூடாதுன்னு பூட்டி வச்சிருக்கு. முன்னாடி அதை ஆஃப் பண்ண ஒரு ஆப்ஷன் இருந்துச்சு, அதையும் எடுத்துட்டாங்க. 2.4ல போடலாம், ஆனா அபார்ட்மென்ட்ல 2.4 என்ன லட்சணத்துல இருக்கும்னு உங்களுக்கே தெரியும். லேப்டாப்பையே ரவுட்டரா ஓட்டணும்னு நெனைக்கிறவங்க இத வாங்காதீங்க, மீடியாடெக் எம்டி7921 இல்ல எம்டி7922 போட்ட கார்டு பாருங்க, அதுக்கும் டிரைவர் கெர்னல்லயே இருக்கு.

இப்ப டாங்கிள். கார்டை கழட்ட முடியாதவங்களுக்கு யூஎஸ்பி டாங்கிள்தான் வழி, ஆனா கடையில தொங்குற அந்த நகம் சைஸ் டாங்கிள் மேல எழுதியிருக்குற பேரை நம்பாதீங்க, பேர் ஒன்னா இருக்கும் உள்ள சிப் வேறயா இருக்கும். டிபி-லிங்க் டிஎல்-டபிள்யூஎன்722என் இதுக்கு பேர் போனது, வெர்ஷன் 1ல ஆத்தெரோஸ் ஏஆர்9271, லினக்ஸ்காரங்க தேடி தேடி வாங்குவாங்க, வெர்ஷன் 2, 3ல ரியல்டெக் சிப், டிரைவர் கதையே வேற. டப்பா ஒன்னுதான், வெர்ஷன் நம்பர் பின்னாடி பொடி எழுத்துல. இன்னொன்னு, சில டாங்கிள் குத்துனா வைஃபையா தெரியாம சிடி டிரைவா தெரியும், விண்டோஸ் டிரைவரை அதுக்குள்ளயே வச்சு குடுத்திருக்காங்களாம், பெரிய உபகாரம். எல்எஸ்யூஎஸ்பி கமாண்ட் அடிச்சு 0பிடிஏ:1ஏ2பின்னு வந்தா இதுதான், யூஎஸ்பி மோட்ஸ்விட்ச் போட்டா வைஃபையா மாறும், இல்ல ஃபைல் மேனேஜர்ல எஜெக்ட் குடுத்தாலே சிலதுல மாறிடும்.

டாங்கிள் வாங்குறதா இருந்தா சிப் பேரை கேட்டு வாங்குங்க. எம்டி7612யு, 2018ல வந்த கெர்னல் 4.19லருந்து உள்ளயே இருக்கு. எம்டி7921ஏயு வைஃபை 6, கெர்னல் 5.18லருந்து. ரேட் ஏஎக்ஸ்210ஐ விட அதிகமாதான் வரும், ஆல்ஃபா மாதிரி கம்பெனிது எடுத்தா இன்னும் கூட. முந்நூறு ரூபாய்க்கு கெடைக்குற பொடி டாங்கிள்ல எம்டி7601யு சிப் இருந்தா அதுவும் குத்துன ஒடனே ஓடும், 2.4 மட்டும்தான், இன்ஸ்டால் பண்ற நேரத்துக்கு ஒன்னு பைக்குள்ள கெடந்தா நல்லது.

பழைய திங்க்பேட்ல இதை போடலாமான்னு ரெண்டு மூணு பேர் கேட்டிருந்தீங்க. எக்ஸ்230, டி430 காலத்து மாடல்ல ஸ்லாட்டே வேற, மினி பிசிஐஇ, எம்.2வை அதுக்கு மாத்துற அடாப்டர் கெடைக்குது, ஆனா ஒயர் கனெக்டர் சைஸும் வேற, அதுக்கு மேல பயோஸ்ல (ஆன் பண்ண ஒடனே போர்டுல இருந்து ஓடுற புரோகிராம்) ஒயிட்லிஸ்ட்னு ஒன்னு இருக்கு, தனக்கு தெரிஞ்ச கார்டு லிஸ்ட்ல இல்லாதத மாட்டுனா "1802 அனாத்தரைஸ்ட் நெட்வொர்க் கார்டு"ன்னு போட்டு பூட்டே ஆகாது. அந்த காலத்து எச்பி லேப்டாப்லயும் இதே மாதிரி 104ன்னு ஒரு எர்ரர் வரும். பயோஸை மாத்தி எழுதி தாண்டுறவங்க இருக்காங்க, அதுக்கு சிப்புல கிளிப் மாட்டுற அளவுக்கு போகணும். நல்லவேளை அந்த மாடல்ல எல்லாம் கூடவே வந்தது இன்டெல் சென்ட்ரினோ கார்டா இருந்தா அது லினக்ஸ்ல ஏற்கனவே ஓடும், வேகம் பத்தலன்னா மேல சொன்ன 7612யு டாங்கிளை யூஎஸ்பி 3 போர்ட்ல, நீல கலர்ல இருக்குமே அதுல, குத்திக்கங்க.